டால்பினை மீட்பதா, உடைப்பதா? பீன்யாவின் பட்டறைகளும் பெங்களூரு கார் ஒன்றின் எஞ்சிய வாழ்வும்

இந்தியாவில் பழைய கார்களின் வரலாறு பெரும்பாலும் சமஸ்தான மன்னர்களின் வாகனக் கொட்டகை வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அரசர் ஒருவர் இறக்குமதி செய்த ரோல்ஸ்-ராய்ஸ் வண்டியை மீட்டெடுப்பது தகுமா என்று எவரும் கேட்பதில்லை. அதன் சந்தை விலையே விடை சொல்லிவிடுகிறது. அக்கேள்வி உண்மையாக எழுவது, சந்தை மதிப்பு ஏதுமற்ற, ஆனால் ஒரு நகரத்தின் தொழில்வரலாற்றைத் தன்னுள் கொண்ட வண்டியின் முன்னால்தான். பெங்களூருவில் உருவான சிபானி டால்பின் அத்தகையது.

1970களின் நடுப்பகுதியில் சன்ரைஸ் ஆட்டோமோட்டிவ் இண்டஸ்ட்ரீஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனமே பின்னர் சிபானி ஆட்டோமொபைல்ஸ் ஆனது. அதன் முதல் தயாரிப்பான ‘பாதல்’ மூன்று சக்கரம் கொண்ட கண்ணாடியிழைக் கார். 1982இல் பிரிட்டனின் ரிலையன்ட் கிட்டன் வண்டியின் உரிமம் பெற்று வெளிவந்தது டால்பின்: இரு கதவுகள், 848 சிசி அலுமினிய எஞ்சின், எஃகுச் சட்டகத்தின் மேல் கண்ணாடியிழை உடல். எடை குறைவென்பதால் மோட்டார் பந்தயக்காரர்கள் அதனை விரும்பினர். ஆயினும் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது, ‘பிளாஸ்டிக் வண்டி’ என்ற ஏளனத்தைத் தாங்கும் வலு ஒரு சிறு நிறுவனத்துக்கு இல்லை. டால்பினிலிருந்து உருவாக்கிய ஐந்து கதவு மொன்டானாவும் அதனைக் காப்பாற்றவில்லை.

டால்பின் பிறந்த அதே காலகட்டத்தில்தான் நகரின் வடமேற்கே, துமகூரு சாலையை ஒட்டி, பீன்யா தொழிற்பேட்டையும் வளர்ந்தது. 1970களின் பிற்பகுதியில் உருவான அப்பேட்டை, எச்எம்டி, பிஇஎல், எச்ஏஎல் போன்ற பொதுத்துறை ஆலைகள் உருவாக்கிய தொழில்திறனையும் அவற்றின் துணைத் தேவைகளையும் சார்ந்து விரிந்தது. லேத், மில்லிங், கிரைண்டிங், வெப்பப் பதனம், முலாம் பூச்சு என ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிப் பட்டறைகள் அங்கு உண்டு. ஆகவே, ‘உதிரிபாகம் கிடைக்காது’ என்ற வழக்கமான காரணம் பீன்யாவில் அவ்வளவு எளிதாகச் செல்லாது. தேய்ந்த கிங்பின், புஷ், அச்சுத்தண்டு எதுவாயினும், மாதிரி ஒன்றைக் கொடுத்தால் அளந்து கடைந்து தரும் கைகள் அங்கே உள்ளன. தடை வேறு இடத்தில் இருக்கிறது. ஜாப் வொர்க் பட்டறையின் கணக்கு எண்ணிக்கையைச் சார்ந்தது. அளவெடுத்து, வரைபடம் வரைந்து, இயந்திரத்தை அமைப்பதற்கு ஆகும் செலவு நூறு உருப்படிகளில் கரைந்துவிடும். ஒரே உருப்படியில் கரையாது. டால்பின் உரிமையாளர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரே பாகத்தைச் செய்யச் சொன்னால் கணக்கு மாறும். மீட்பின் சாத்தியத்தைத் தீர்மானிப்பது பல வேளைகளில் இந்தச் சேர்க்கையே.

வண்டியைச் சோதிப்பதிலும் டால்பின் ஒரு விதிவிலக்கு. பிரீமியர் பத்மினி போன்ற வண்டியில் உடலும் சட்டகமும் ஒன்றே. துரு தின்ற இடம் ஓட்டையாகத் தெரிந்துவிடும். கண்ணாடியிழை துருப்பிடிப்பதில்லை. மேற்பூச்சில் சிலந்திவலை போன்ற விரிசல் விழலாம், கதவு தொங்கலாம். வண்டி என்னவோ நிமிர்ந்தே நிற்கும். அடியில் எஃகுச் சட்டகம் அரித்துப் போயிருப்பதை அந்த உடல் மறைத்துவிடும். எனவே வெளித்தோற்றத்தை நம்பி முடிவெடுப்பது டால்பினைப் பொறுத்தவரை முற்றிலும் பிழையானது. வண்டியைத் தூக்கி நிறுத்தி, சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களைச் சுத்தியலால் தட்டிக் கேட்பதே முதல் ஆய்வு. இரண்டாவது எஞ்சின்: கூலன்ட் இன்றி வெறும் தண்ணீரோடு ஆண்டுக்கணக்கில் நின்ற அலுமினிய பிளாக் உள்ளிருந்தே அரிபட்டிருக்கும்.

இங்கு ஒரு முரண் உண்டு. அதே எஞ்சின் குடும்பம் பிரிட்டனில் ரிலையன்ட் ராபின் வண்டிகளில் நெடுங்காலம் தொடர்ந்ததால், அதன் பாகங்களை அங்கு இன்னும் தேடிப் பெறலாம். பெங்களூருவில் மட்டுமே வார்க்கப்பட்ட மொன்டானாவின் கதவுகளுக்கோ அச்சு எங்கும் கிடையாது. வண்டியில் எது அதிகம் உள்ளூர்த்தன்மை உடையதோ, அதுவே மீட்கக் கடினமானது.

சட்டம் இதனை மேலும் சிக்கலாக்குகிறது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தம், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, மூல வடிவில் பேணப்பட்ட, பெருமளவு மாற்றம் காணாத வண்டிகளையே பழம்பெரும் வாகனங்களாக ஏற்கிறது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். எண்பலகையில் ‘விஏ’ என்ற எழுத்துகள். பாதலின் தொடக்ககால வண்டிகள் இவ்வயதை எட்டும் நிலையில் உள்ளன. 1982இல் பதிவான டால்பினோ 2032 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை அது சட்டத்தின் கண்ணில் வெறும் பழைய கார்தான். தகுதிச் சான்று பெற்றுப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்புக் கட்டணமும் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்தது. அரித்த சட்டகத்தை இன்று முழுவதும் மாற்றினால், சட்டக எண்ணோடு பிணைந்த வண்டியின் அடையாளமும் ‘மூல வடிவம்’ என்ற தகுதியும் நாளை கேள்விக்குள்ளாகும். மாற்றாவிட்டால் தகுதிச் சான்று கிடைக்காது. பாதுகாப்புக்கு உரியதாகும் முன்பே அழிந்துபோகும் வாய்ப்பு மிகுந்த இந்த இடைப்பட்ட ஆண்டுகளைப் பற்றி விதிகளை வகுத்தோர் சிந்தித்ததாகத் தெரியவில்லை.

பன்னாட்டுப் பழம்வாகனக் கூட்டமைப்பான ஃபிவா 2012இல் ஏற்ற டூரின் சாசனம் இங்குப் பயன்படும். கட்டடப் பாதுகாப்புக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தை அடியொற்றிய அது, பேணலையும் மீட்பையும் வேறுபடுத்துகிறது: இருப்பதை மேலும் சிதையாமல் நிறுத்துவது ஒன்று, இழந்ததைத் திரும்பச் செய்வது மற்றொன்று. டால்பினுக்கு முதலாவதே பொருத்தம். கண்ணாடியிழையின் உட்புறத்தில் கையால் பிசின் தடவிய தடங்கள் இன்றும் காணக்கிடைக்கும்; இயந்திரமயம் குறைந்த ஒரு சிறு ஆலையின் உழைப்புமுறைக்கு அவையே சான்று. புத்தம்புதிதாகத் தேய்த்துப் பூசும் ஆர்வத்தில் முதலில் அழிவதும் அவையே. சட்டகத்தில் அரித்த பகுதியை மட்டும் வெட்டி ஒட்டி, எண் பொறித்த இடத்தைத் தொடாமல் விட்டு, எஞ்சின் இறுகிப்போகாமல் காத்து, உலர்ந்த கூரையின் கீழ் நிறுத்தினாலே போதுமானது; சாலையில் ஓடியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இத்தனைக்கும் முன் பார்க்க வேண்டியது ஆர்சி. முன்பே இந்தியாவில் பதிவான வண்டிக்குப் பழம்பெரும் வாகனப் பதிவு கோருவோர் பழைய பதிவுச் சான்றையும் இணைக்க வேண்டும் என்கிறது 2021 விதி. பீன்யாவின் எந்தப் பட்டறையாலும் செய்து தர முடியாத பாகம் அது ஒன்றுதான்.