ராவாங் சுரங்கத்துப் பம்பும் ஒரு கூலோம் மின்னூட்டமும்



"மின்னழுத்தம் என்றால் என்ன?" என்று வகுப்பில் கேட்டுப் பாருங்க. "ஓரலகு மின்னூட்டத்தை நகர்த்தச் செய்யும் வேலை" என்று உடனே சொல்லிடுவாங்க. "வேலை எதற்கு வந்தது?" என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும். அதற்கு விளக்கம் நம் சிலாங்கூர் வரலாற்றிலேயே இருக்கிறது.

1894இல் ராவாங் ஈயச் சுரங்கத்தில் தம்புசாமி பிள்ளையும் லோக் இயூவும் மின் உற்பத்தி இயந்திரத்தை நிறுவினார்கள். மலாயாவில் மின்சாரத்தின் தொடக்கம் அதுதான். நம் பெரியவர்கள் 'ஈய லம்பம்' என்று சொல்லும் பள்ளங்களில் தண்ணீர்தான் பெரிய தொல்லை, ஊறிக்கொண்டே இருக்கும். அதை இறைக்க அவர்கள் மின்பம்புகளைப் பயன்படுத்தினார்கள். மறு ஆண்டே, 1895இல், கோலாலம்பூர் ரயில் நிலையங்களுக்கும் மின்சாரம் வந்தது. தம்புசாமி பிள்ளையைக் கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோவிலோடும் பத்துமலையோடும் சேர்த்தே நினைக்கிறோம். இயற்பியல் பாடத்திலும் அவர் பெயரைச் சொல்லலாம்.

இனி அந்தப் பம்பைப் பாருங்க. 1 கிலோ தண்ணீரை 20 மீட்டர் ஏற்ற 1 × 9.81 × 20 = 196 ஜூல் வேலை தேவை. குழாய் நேராகப் போனாலும், வளைந்து வளைந்து போனாலும் (உராய்வை விட்டுவிட்டால்) இந்த 196 மாறாது. கீழே எந்த உயரம், மேலே எந்த உயரம் என்பது மட்டுமே கணக்கு.

மின்னூட்டத்துக்கும் இதே கதைதான். உயரத்தின் இடத்தில் மின்னழுத்தத்தை வையுங்கள். 1828இல் நாட்டிங்ஹாமில் மாவு ஆலையில் உழைத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் கிரீன் இந்தக் கருத்தை மின்சாரத்துக்குக் கணிதமாக எழுதி வெளியிட்டார். அவர் பள்ளி சென்றது ஓராண்டு அளவே! 1881இல் பாரிஸ் மின்சார மாநாடு 'வோல்ட்' என்ற அலகை ஏற்றது. ராவாங்கில் மின்சாரம் வந்தது அதற்கு 13 ஆண்டுகள் கழித்து.

ஒரு கூலோமுக்கு ஒரு ஜூல் என்பதே ஒரு வோல்ட். ஆகவே:

வேலை = மின்னூட்டம் × (இறுதி மின்னழுத்தம் − தொடக்க மின்னழுத்தம்)

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 1 கூலோம் தரும் ஆற்றல் 230 ஜூல். இழப்பில்லாத பம்பு என்றால் 1 கிலோ தண்ணீரைச் சுமார் 23 மீட்டர் ஏற்றிவிடும். பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் நின்று கிள்ளான் போகும் கொமுட்டர் ரயிலை அண்ணாந்து பாருங்க: மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். அங்கே அதே 1 கூலோம் 25,000 ஜூல் தரும். (இரண்டும் மாறுமின்னோட்டம்; கருத்து விளங்கவே இந்த எளிய கணக்கு.)

இனி தேர்வுக் கணக்கு. +4 மைக்ரோகூலோம் புள்ளி மின்னூட்டத்திலிருந்து 2 மீட்டரில் மின்னழுத்தம் 9 × 10⁹ × 4 × 10⁻⁶ ÷ 2 = 18,000 வோல்ட். 1 மீட்டரில் 36,000 வோல்ட். +2 மைக்ரோகூலோமை 2 மீட்டரிலிருந்து 1 மீட்டருக்குக் கொண்டுவர நாம் செய்யும் வேலை 2 × 10⁻⁶ × 18,000 = 0.036 ஜூல். ஒன்றையொன்று விலக்கும் மின்னூட்டங்களை நெருக்குகிறோம். தண்ணீரை மேலே ஏற்றுவது போல. அதனால்தான் விடை நேர்க்குறி.

மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்தக் குறியில்தான். −2 மைக்ரோகூலோம் என்றால் விடை −0.036 ஜூல், அது தானாகவே இழுக்கப்படுகிறது, வேலையைப் புலமே செய்கிறது. 'இறுதி கழித்தல் தொடக்கம்' என்ற வரிசையையும், மின்னூட்டத்தின் குறியையும் விடாமல் எழுதுங்கள். பாதை வளைவாகக் கொடுத்திருந்தால் பயப்படாதீங்க. ராவாங் குழாயை நினைச்சுக்குங்க.

பயிற்சிக்கு ஒன்று: அதே +4 மைக்ரோகூலோமுக்கு 1 மீட்டரில் உள்ள −3 மைக்ரோகூலோமை 3 மீட்டருக்கு நகர்த்த நாம் செய்யும் வேலை எவ்வளவு? விடை +0.072 ஜூல். ஏன் நேர்க்குறி என்பதை ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள், ஆசிரியர்களே. அந்த ஒரு வரி சரியாக வந்தால் பாடம் புரிந்துவிட்டது.