சேவலும் பேடும் பிரித்த கைகள்

முட்டையினின்று வெளிப்பட்ட அன்றே ஒரு குஞ்சு சேவலா பேடா என்று அறிதல் நெடுங்காலம் மனிதனுக்கு எட்டாத வித்தையாகவே இருந்தது. நீண்டு கூரிய முட்டையில் பேடும், உருண்டை முட்டையில் சேவலும் பிறக்கும் என்றார் கிரேக்க அறிஞர் அரிஸ்தோத்தில். உரோமரான கொலுமெல்லா அதனை நேர்மாறாகச் சொன்னார். எவரை நம்பினும், கொண்டை சிவக்கும்வரை காத்திருக்கவே வேண்டியதாயிற்று.

காத்திருப்பதற்கு விலை உண்டு. முட்டைக்கென வளர்க்கும் இனத்திற் பிறந்த சேவலின் உடலில் இறைச்சி அதிகம் பிடிப்பதில்லை; அது பல வாரம் தின்னும் தீனி நட்டமே. முதலாம் உலகப் போரில் தானியம் அருகியபோது, ஆங்கில மரபியலறிஞர் பனெற் குஞ்சின் நிறத்தைக் கொண்டு ஆண் பெண் பிரிக்கும் வழியை எடுத்துரைத்தார். ஆயின் அது குறித்த சில கலப்புகளுக்கே பொருந்தியது.

எல்லா இனத்துக்கும் பொருந்தும் வழியைக் கண்டவர்கள் யப்பானியர். தோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மசுயியும், ஹஷிமோட்டோ முதலிய அவர்தம் துணைவரும் 1925ஆம் ஆண்டில் தம் ஆய்வை வெளியிட்டனர். சேவற்குஞ்சின் எச்சத்துவாரத்தின் உட்புறத்தே சிறு மணி போன்ற புடைப்பு ஒன்றுண்டு. பேட்டில் அது பெரும்பாலும் இராது. தொல்லை முழுவதும் இந்தப் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லிலேதான் கிடக்கிறது. சில பேடுகளிலும் அப்புடைப்புத் தோன்றும். சில சேவல்களில் அது தட்டையாகக் கிடக்கும். ஆகையால் நூலைப் படித்து மட்டும் இக்கலையைப் பெறல் அரிது. குஞ்சைக் கையிலேந்தி, மலத்தைப் பிதுக்கி அகற்றி, விளக்கொளியின் கீழே துவாரத்தை விரலால் மெல்ல விரித்து, ஆயிரமாயிரம் முறை பார்த்துப் பழக வேண்டும். கைதேர்ந்தவர் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 1,000 குஞ்சுகளைப் பிரிப்பர். நூற்றுக்கு இரண்டு தவறினாலே பெரிது. எதனைக் கண்டு முடிவு செய்தீர் என்று வினவினால், அவர்களுட் பலருக்கு விடை சொல்ல வராது.

1927இல் ஒட்டாவாவில் நடந்த உலகக் கோழி வளர்ப்பு மாநாட்டின் வழியே இச்செய்தி பரவிற்று. அடுத்த பத்தாண்டில் அமெரிக்கப் பொரிப்பகங்கள் யப்பானிய நிபுணரை நாடின. கற்றும் இனத்தின் பேரால் வேலை மறுக்கப்பட்ட யப்பானிய வமிச இளைஞர் பலருக்கு அங்கே இக்கலை சோறிட்டது. 1942இல் மேற்குக் கரையோரத்து யப்பானிய வமிசத்தினர் ஏறக்குறைய 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றிலிரு பங்கினர் அந்நாட்டிலே பிறந்த குடிமக்கள். ஆயினும் போர்க்கால உணவுக்கு முட்டை வேண்டியிருந்தது. முட்டைக்கு அவர்களுடைய விரல்கள் வேண்டியிருந்தன. நம்பத்தகாதோர் என்று அடைத்த அரசே, குஞ்சு பிரிப்போர் சிலரை உள்நாட்டு மாநிலங்களிற் பணிபுரிய வெளியே விட்டது.

பிரிக்கப்பட்ட சேவற்குஞ்சுகளுக்கோ அத்தகைய விடுதலை கிட்டவில்லை. முட்டையின் பொருட்டுப் பொரிக்கப்பட்டவற்றுள் அவை முதல் நாளிலேயே கொல்லப்பட்டன. ஜேர்மனி 2022ஆம் ஆண்டு தொடக்கம் இக்கொலையைச் சட்டத்தால் தடுத்தது. அங்கே முட்டைக்குள் இருக்கும் கருவையே சோதித்து, சேவலாகவிருக்கும் முட்டையைப் பொரிக்குமுன் அகற்றும் கருவிகள் அவ்விரல்களின் வேலையை மேற்கொண்டன.