வீழ்வது விதியன்று!

பழனி மலைத்தொடரில், கொடைக்கானலுக்கு அப்பால் மேல்மலையில் இருக்கும் சிற்றூர் பூண்டி. சமதரை அங்கே அரிது. வாயிலைக் கடந்தால் படி; வயலுக்குச் சென்றால் ஏற்றம்; வயலோ சரிவில் அடுக்கடுக்காய் வெட்டிய நிலம். மூடுபனி இறங்கிவிட்டால் பாதையே மறைந்துபோகும். அந்தச் சரிவிலேதான், ஆயுள் முழுவதும் சுமை சுமந்து, பூண்டும் உருளைக்கிழங்கும் விளைவித்து, முதுகு வளைந்துபோன மூதாட்டிகள் வாழ்கின்றனர். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு வந்தது. பூண்டுக்குப் பெருமை வந்தது. அதை விளைவித்த பாட்டி படியில் இடறி வீழ்ந்தால் என்ன வருகிறது?

பூண்டியில் மட்டுமன்று, தமிழகத்தின் எந்தச் சிற்றூரிலும் வருவது ஒன்றே. "ஏழரைச் சனி" என்ற சோதிடம் வருகிறது. தாயத்து வருகிறது. "வயதாகிவிட்டது, விழத்தான் செய்யும், இனி மூலையில் உட்கார்" என்ற தீர்ப்பு வருகிறது. உட்கார்ந்தவள் படுக்கிறாள், படுத்தவள் எழுவதில்லை. "விதி முடிந்தது" என்று ஊரார் கலைந்து செல்கின்றனர்.

விதியா? தோழர்களே, எண்ணிப் பாருங்கள். குழந்தையின் முதல் நடைக்குத் தளர்நடை என்று பெயரிட்டனர் தமிழர். முதியவரின் நடையும் தளர்ந்த நடைதான். குழந்தை தள்ளாடினால் கைதட்டுகிறோம். மீண்டும் நட என்கிறோம். முதியவர் தள்ளாடினால் மட்டும் கட்டிலைக் காட்டுகிறோம்! ஒருவருக்குப் பயிற்சி, மற்றவருக்குப் பாயா?

உடல் நிலைகுலையாமல் நிற்பது தெய்வச் செயலன்று. கண் காண்கிறது, உட்செவியிலுள்ள நுண்ணிய உறுப்பு தலையின் அசைவை உணர்கிறது, பாதமும் மூட்டும் தரையின் தன்மையைத் தெரிவிக்கின்றன, மூளை மூன்றையும் சேர்த்துக் காலின் தசைகளுக்குக் கட்டளையிடுகிறது. மூப்பில் இவை மங்குகின்றன. ஆனால் பயிற்சியால் மீண்டும் கூர்மை பெறுகின்றன. இந்த உண்மை எப்படி உலகுக்குத் தெரிந்தது?

சுவிட்சர்லாந்து நாட்டிலே ஹைடன் என்றொரு மலையூர். 1880-களில் அங்கே ஃபிரெங்கல் என்ற மருத்துவர், தண்டுவட நோயாளி ஒருவரிடம், விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். அவரால் இயலவில்லை. சில மாதங்கள் கழித்து வந்தவர் பிழையின்றித் தொட்டார்! எப்படி என்று கேட்டால், தேர்வில் தேறுவதற்காக வீட்டிலே பயின்றேன் என்றாராம். நோய் நீங்கவில்லை, ஆயினும் திறன் திரும்பியது. அந்த ஒரு நோயாளியின் பிடிவாதத்திலிருந்து பிறந்தவையே இன்றும் ஃபிரெங்கல் பெயரால் வழங்கும் பயிற்சிகள்.

1935-இல் லண்டனுக்கு அருகே, மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனையிடம் ஓர் ஏழையர் விடுதியின் நோயாளிகள் ஒப்படைக்கப்பட்டனர். 700-க்கும் மேற்பட்ட படுக்கைகள்; பெரும்பாலும் முதியோர்; இனித் தேறமாட்டார் என்று கைவிடப்பட்டோர். மார்ஜரி வாரன் என்ற பெண் மருத்துவர் அவர்களை ஒவ்வொருவராய் ஆராய்ந்தார், எழுப்பினார், நடக்கப் பழக்கினார். பலர் வீடு திரும்பினர். படுக்கைதான் பலரை முடமாக்கியிருந்தது!

இந்த வரலாறு நம் மண்ணிலும் உண்டு. பூண்டியிருக்கும் அதே மலைத்தொடரில், கொடைக்கானலில், 1960-இல் கண்மூடினார் ஐடா ஸ்கட்டர். 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் அவர் தொடங்கிய பணி பெரும் மருத்துவமனையாய் வளர்ந்தது. 1909-இல் செவிலியர் பயிற்சியையும் அங்கே தொடங்கினார். பிறர் உடலைத் தொட்டுத் தூக்குவதைத் தீட்டென்றும் தாழ்வென்றும் சாதிச் செருக்கு தள்ளிவைத்த நாட்டிலே, அதைக் கல்வியாக்கியது சிறிய புரட்சியா?

அந்த வேலூரில் மருத்துவராய் இருந்தவர் மேரி வர்கீஸ். 1954-இல் வண்டி விபத்தில் தண்டுவடம் சிதைந்து இரு கால்களும் செயலிழந்தன. முடங்கினாரா? சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலே மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். நியூயார்க்கிலே மறுவாழ்வு மருத்துவம் கற்றார். திரும்பி வந்து வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. எழ முடியாத ஒருவர் எத்தனையோ பேரை எழுப்பினார்! எந்தத் தாயத்து இதைச் செய்யும்?

மறுவாழ்வுச் செவிலியத்தின் உயிர்நாடியும் இதுவே. ஊட்டிவிடுவதைவிட, உண்ணப் பழக்குவது உயர்ந்தது. தூக்கிச் செல்வதைவிட, தோள் கொடுத்து நடத்துவது உயர்ந்தது. பழந்தமிழ்ப் பாடல்களில் வரும் செவிலித்தாய் குழந்தையை வளர்த்தாள். இன்றைய செவிலி முதுமைக்கும் தாயாகிறாள்.

வெறும் உணர்ச்சியுரை என்று ஒதுக்கிவிடாதீர், கணக்கும் உண்டு. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தார் 80 வயதைக் கடந்த 233 பெண்களை ஆராய்ந்து, வீட்டிலேயே செய்யும் பயிற்சி வீழ்ச்சியைக் குறைக்கிறது என 1997-இல் வெளியிட்டனர். 2001-இல் வெளியான ஆய்வு அதனினும் நமக்குப் பயன்படுவது. பயிற்சி கற்பித்தவர் பெரிய நிபுணரல்லர். வீடுதோறும் செல்லும் ஒரு செவிலி! 75 வயதைக் கடந்த 240 பேரில், அவரிடம் பயின்றவர்களின் வீழ்ச்சி 46 விழுக்காடு குறைந்தது.

என்ன மாயப் பயிற்சி? நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டு குதிகாலை உயர்த்துதல். கை ஊன்றாமல் எழுந்து அமர்தல். ஒற்றைக் காலில் சிறிது நிற்றல். ஒரு பாதத்தின் முன் மறுபாதம் ஒட்டி வைத்து நடத்தல். வாரம் மூன்று நாள், அரை மணி நேரம். பக்கத்தில் ஒருவர் துணை நிற்க வேண்டும். முன்பே வீழ்ந்தவரும் தலைசுற்றல் உடையவரும் முதலில் மருத்துவரைக் காண வேண்டும். கண்புரையா, எழுந்தவுடன் இரத்த அழுத்தம் தாழ்கிறதா, தூக்க மாத்திரை மயக்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

தமிழகம் இத்துறையில் பின்தங்கிய நாடன்று. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே முதியோர்க்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவு தோன்றியது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள், கிருட்டினகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', மாத்திரையோடு இயன்முறை மருத்துவத்தையும் செவிலியரையும் வீட்டு வாயிலுக்கே அனுப்பும் திட்டமாய் அமைந்தது. மலையூர்களுக்கு அதனினும் பொருத்தமான வழி ஏது? இடறி வீழ்ந்த பாட்டியைப் பனியிலும் வளைவுகளிலும் கொடைக்கானல்வரை கொண்டு செல்வதைவிட, அவர் வீழாதிருக்கக் கற்பிக்க ஒரு செவிலி மேலேறி வருவது எளிதன்றோ?

உலகெங்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் வீழ்ந்து மடிகின்றனர் என்பது உலக நல நிறுவனத்தின் மதிப்பீடு. அத்தனையும் சனியின் வேலையா?

இளைஞர்களே! படிப்பகத்தில் பகுத்தறிவு பேசுகிறோம். நன்று. வீட்டிலே பாட்டியின் கைபிடித்து ஒற்றைக் காலில் நிற்கப் பழக்கியிருக்கிறோமா? படிக்கட்டில் பிடிகம்பு நட்டோமா? இரவிலே ஒரு விளக்கேற்றி வைத்தோமா? நழுவும் செருப்பை மாற்றினோமா? ஊருக்கு வரும் செவிலியை முதியவர் வீட்டுக்கு அழைத்துச் சென்றோமா? பேச்சு இந்தப் படியைத் தொடாவிட்டால் பயன் என்ன?

நாம் தளர்நடை நடந்தபோது நம் கையைப் பற்றிய கை அது. இன்று அந்தக் கை நடுங்குகிறது. பற்றுவோம்! மூலையைக் காட்டாமல் முற்றத்தைக் காட்டுவோம். வீழ்வது விதியன்று, வீழ்ந்தவரை வீழ்ந்த இடத்திலேயே விட்டுவைப்பதே நம் குற்றம்.