அபயப் பத்திரத்தின் விலை

தம்போயிலிருந்து விடியுமுன் மோட்டார் சைக்கிளேறி, ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் நம்மவர்களில், 2004-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் தேதி அந்நகரில் நடந்த ஒரு மாநாட்டைக் கவனித்தவர் எவரும் இருந்திருக்க மாட்டார். ஆசிய அரசாங்கங்களின் பிரதிநிதிகளை அழைத்து மைக்ரோசாஃப்ட் நடத்திய அந்த மாநாட்டில், அதன் தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர், திறந்த மூல இயங்குதளமான லினக்ஸ் 228-க்கு மேற்பட்ட காப்புரிமைகளை மீறுகிறதென்றும், உலக வர்த்தக ஸ்தாபனத்தில் சேரும் நாடுகளிடம் ஒரு நாள் யாரேனும் வந்து அதற்குரிய பணத்தைக் கேட்கக்கூடுமென்றும் எச்சரித்தார். அதே ஆண்டு ஜூலையில்தான் மலேசிய அரசாங்கம் தன் இலாகாக்களில் திறந்த மூல மென்பொருளைப் பிரயோகிப்பதற்கான பெருந்திட்டத்தை வெளியிட்டிருந்தது என்பதை நினைத்தால், எச்சரிக்கை யாருடைய காதுக்காகச் சொல்லப்பட்டது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

அவ்வெண்ணிக்கைக்கு ஆதாரமாக அவர் காட்டியது ஓர் அமெரிக்க வழக்கறிஞரான டேனியல் ராவிச்சர் அதே ஆண்டு தயாரித்த ஆய்வு. லினக்ஸின் மேல் பிரயோகிக்கப்படக் கூடும் என்று கருதத்தக்க காப்புரிமைகள் 283 என்றும், அவற்றில் மைக்ரோசாஃப்டுக்குரியவை 27 என்றும், அவற்றில் எதுவும் நீதிமன்றத்தில் பரிசீலிக்கப்பட்டதல்லவென்றும் சொன்ன அந்த ஆய்வை, மீறல் நிரூபணமாகிவிட்டது போல எடுத்துப் பேசியதை ராவிச்சரே ஆட்சேபித்தார்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்வது நலம். ஒருவன் எழுதிய நிரலின் வாசகத்தை மற்றவன் நகலெடுப்பதைத் தடுப்பது பதிப்புரிமை; அவ்வாசகத்தைக் கண்ணாலும் பார்த்திராமல், சொந்த அறிவினாலேயே அதே வழிமுறையைக் கண்டடைந்தவனையும் வழக்குக்கு இழுக்க வல்லது காப்புரிமை. பல தேசங்களில் சம்பளமின்றியும் எழுதப்பட்டுப் பொதுவில் வைக்கப்படும் மென்பொருளுக்கு, இரண்டாவதைப் போன்ற சத்துரு வேறில்லை.

எச்சரித்தவரே இரண்டாண்டுகளுக்குப் பின் சமாதானக் கொடியுடன் வந்தார். 2006 நவம்பர் 2-ஆம் தேதி மைக்ரோசாஃப்டும், சூசே லினக்ஸை விற்ற நோவல் ஸ்தாபனமும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, ஒருவர் வாடிக்கையாளர் மேல் மற்றவர் காப்புரிமை வழக்குத் தொடுப்பதில்லை. அதற்காக மைக்ரோசாஃப்ட் நோவலுக்குக் கொடுத்தது 10 கோடியே 80 லட்சம் டாலர். நோவல் திருப்பிக் கொடுக்க இசைந்தது ஐந்தாண்டுகளில் குறைந்தது 4 கோடி டாலர். இதைத் தவிர 24 கோடி டாலருக்குச் சூசே சந்தாச் சீட்டுகளையும் மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. நிலக் கிராண்டைக் காட்டாமலே உன் தோட்டத்தில் பாதி எனது என்கிறவன், வழக்குப் போடமாட்டேன் என்று எழுதித் தருவதோடு கையில் பணமும் வைத்தால், வாங்கிக் கொள்கிறவன் எதை ஒப்புக்கொண்டான் என்று அண்டை அயலார் கேட்கத்தானே செய்வார்கள்? இரண்டு வாரத்துக்குள் பால்மர், லினக்ஸில் தங்கள் அறிவுச்சொத்து இருப்பதனால்தான் நோவல் பணம் கொடுக்கிறதென்று விளக்கம் சொல்ல, நோவலின் தலைவர் ரான் ஹோவ்செபியன் பகிரங்கக் கடிதம் எழுதி அதை மறுக்க வேண்டியதாயிற்று. சாம்பா மென்பொருளின் ஆசிரியர்களுள் ஒருவரான ஜெரமி ஆலிசன் இந்த உடன்படிக்கையைக் கண்டித்து நோவல் உத்தியோகத்தை ராஜினாமா செய்தார். அவர் செய்ததே சரி என்பது என் அபிப்பிராயம். 2007 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் எண்ணிக்கையை 235 ஆக்கிற்று. எவை எவை என்ற பட்டியலை மட்டும் வெளியிடவில்லை. அவ்வாண்டு ஜூன் 29-ஆம் தேதி வெளிவந்த திறந்த மூல மென்பொருளுக்கான ஜிபிஎல் உரிமத்தின் மூன்றாம் பதிப்பு, சிலருக்கு மட்டும் அபயம் வழங்கும் இத்தகைய ஒப்பந்தங்களைத் தடை செய்தது. ஆயினும் மார்ச் 28-க்கு முற்பட்டவற்றுக்கு விலக்களித்தமையால், நோவல் தப்பிற்று.

இனித் தமிழகம். அங்கே அரசாங்க ஸ்தாபனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராயிருந்த சி. உமாசங்கர், தம் அலுவலகத்தையும் பள்ளிக் கணினிகளையும் லினக்ஸுக்கு மாற்றத் துணிந்தபோது தேர்ந்தெடுத்தது இதே சூசே. வல்லரசனையொத்த ஒரு ஸ்தாபனத்தின் பிடியிலிருந்து விலக விரும்பியவர் வாங்கிய பண்டத்தோடு, அந்த ஸ்தாபனமே எழுதிக் கொடுத்த அபயப் பத்திரமும் கூடவே வந்ததென்பது சரித்திரத்தின் விநோதம். அதைவிட விநோதம், அப்பத்திரத்தால் தமிழகத்துக்கு அதிகப் பயனில்லை என்பது. கணினி நிரலுக்கு நிரல் என்ற அளவில் காப்புரிமை தரலாகாது என்று இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு கூறுகிறது. தொழில்நுட்பப் பிரயோகமுள்ள நிரல்களுக்கும், வன்பொருளோடு இணைந்தவற்றுக்கும் வாசல் திறக்க 2004 டிசம்பரில் அரசாங்கம் பிறப்பித்த அவசரச் சட்டத்தின் திருத்தம், இடதுசாரிகள் முதலானோரின் எதிர்ப்பினால் 2005-இல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய சட்டத்தில் இடம்பெறாமல் போயிற்று. எனவே சூசேயை வாங்குமுன்பே, சென்னைக்குப் பெரும்பாலான பாதுகாப்பு டெல்லியிலிருந்து கிடைத்திருந்தது. மலேசியாவின் 1983-ஆம் ஆண்டுச் சட்டமோ கணித முறைகளையும் வியாபார முறைகளையும் விலக்கியதேயன்றி, நிரல்களைப் பெயர் சொல்லி விலக்கவில்லை.

நோவலின் கதை விரைவில் முடிந்தது. 2010-இல் அதை வாங்க அட்டாச்மேட் என்ற ஸ்தாபனம் முன்வந்தபோதே, அதன் 882 காப்புரிமைகளை மைக்ரோசாஃப்ட், ஆப்பிள், ஆரக்கிள், இஎம்சி ஆகியவை சேர்ந்த கூட்டணி 45 கோடி டாலருக்கு வாங்க ஏற்பாடாயிற்று. அமெரிக்க நீதி இலாகா தலையிட்டு, வாங்கப்படும் காப்புரிமைகள் ஜிபிஎல் இரண்டாம் பதிப்புக்கு உட்பட வேண்டுமென்றும், தன் பங்குக்கு வந்தவற்றை மைக்ரோசாஃப்ட் அட்டாச்மேட்டிடமே திருப்பி விற்க வேண்டுமென்றும் 2011 ஏப்ரலில் நிபந்தனை விதித்தது. அதே மைக்ரோசாஃப்ட் 2018-இல் தன் 60,000 காப்புரிமைகளுடன் லினக்ஸ் பாதுகாப்புக் கூட்டமைப்பில் தானே வந்து சேர்ந்த விருத்தாந்தத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.