குரல் நடந்த கதை

என் பிள்ளைப் பிராயத்தில் இலுப்பூரில் ஒரு டூரிங் கொட்டகை இருந்தது. திரைக்குப் பின்னால் ஒரே ஓர் ஒலிபெருக்கி. கதாநாயகன் இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்கு நடப்பான். அவன் குரல் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். அதே ஊரில் சாமி புறப்பாடு என்றால், வீட்டுக்குள்ளிருந்தே நாதஸ்வரம் எந்த வீதியில் வருகிறது என்று சொல்லிவிடுவோம். நம் காதுக்குத் திசை தெரியும், கொட்டகைக்குத்தான் தெரியவில்லை.

இந்தக் குறை முன்பே லண்டனில் ஒருவரை உறுத்தியிருக்கிறது. ஆலன் ப்ளம்லைன் என்ற பொறியாளர் மனைவியோடு படம் பார்க்கப் போன இடத்தில்தான் இந்த யோசனை பிறந்தது என்பார்கள். இரண்டு ஒலிபெருக்கிகளைக் கொண்டு, குரலை நடிகன் நிற்கும் இடத்திலிருந்தே வருவதுபோல் கேட்கச் செய்யும் வழியைக் கண்டு, 1931 டிசம்பரில் காப்புரிமைக்கு மனுச் செய்தார்.

1940-இல் வால்ட் டிஸ்னியின் 'பேன்டேசியா' வெளிவந்தது. இசையைத் திரையின் ஒரு புறமிருந்து மறுபுறத்துக்கு நகர்த்த அவருடைய பொறியாளர்கள் ஒரு திருகுக் குமிழ் செய்தார்கள். இதில் என்ன பிரமாதம், இங்கே குறைத்து அங்கே கூட்டினால் போயிற்று என்று தோன்றுகிறதல்லவா? அங்கேதான் சூட்சுமம். ஒலியின் வலிமை, செலுத்தும் அளவின் வர்க்கத்தைப் பொறுத்தது. நட்டநடுவில் பாதிப் பாதியாகப் பங்கிட்டால், பாதியின் வர்க்கம் கால். இரண்டு கால் சேர்ந்தால் அரைதான். குரல் நடுவழியில் பள்ளத்தில் இறங்கியதுபோல் மங்கிவிடும். ஆளுக்குப் பத்தில் ஏழு கொடுத்தாலோ, 49-ம் 49-ம் சேர்ந்து நூற்றுக்கு 98, பள்ளம் தூர்ந்துவிடும். இன்று கணிப்பொறியில் ஒலிக்கு நிரல் எழுதும் பிள்ளைகள் சைன், கோசைன் என்று இரண்டே வரியில் முடிப்பதும் இந்தப் பங்கீட்டைத்தான்.

1986-இல் 'மாவீரன்' 70 எம்.எம். திரையில் ஆறு தட ஒலியோடு வந்தது. 1995-இல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோவில் வந்தது. பிறகொரு நாள் திருச்சித் தியேட்டர் ஒன்றில், இடமிருந்து வலமாக ஓடிய வண்டிச் சத்தத்தோடு என் தலையும் திரும்பியது. பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தார். எனக்கு வெட்கமாக இல்லை. கொட்டகை ஞாபகம் வந்தது.

ப்ளம்லைனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1942 ஜூன் 7-ஆம் தேதி, போர்க்கால ராடார் சோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து மாண்டார். வயது 38. ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வர அதற்குமேல் பதினைந்து வருஷங்களாயின. யுத்த ரகசியம் என்று அவர் மரணச் செய்தியைக்கூட அப்போது வெளியிடவில்லை. ஊமையாக நின்ற குரலை நடக்க வைத்தவர், ஓசையில்லாமலே போய்விட்டார்.