தெருவின் கதையும் தன் செலவில் அச்சிட்ட இளைஞரும்

நூலாசிரியர் ஒருவர் தம் முதல் நூலைத் தம் கைப்பொருள் கொண்டே அச்சிடுதல் நம்மவர்க்குப் புதிய செய்தியன்று. அச்சகத்திற் பாதித் தொகையை முன்பணமாகக் கட்டி, மீதிக்குத் தவணை கேட்டு, ஈற்றில் விற்காத பிரதிகளை வீட்டு மூலையில் அடுக்கிவைத்து, வருவோர்க்கெல்லாம் அன்பளிப்பாக ஈந்து தீர்க்கும் எழுத்தாளரை நாம் ஒவ்வொருவரும் அறிவோம். எந்தப் பிரசுரகர்த்தரும் ஏற்காத நூல் நல்ல நூலாக இருத்தல் கூடுமோ என்னும் ஐயம் அத்தகைய நூல்களைக் காணுந்தோறும் எழுகின்றது. அவ்வையத்தை ஆராய்தற்கு ஏற்றதொரு வரலாறு அமெரிக்க இலக்கியத்தில் உண்டு. 1893ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரிலே, இருபத்தொரு வயதினரான இளைஞர் ஒருவர், அந்நகரத்துத் தெருக்களில் வாழ்ந்த வறிய மக்களைப் பற்றித் தாம் எழுதிய முதல் நாவலைத் தாமே வெளியிட்டார். அவர் பெயர் ஸ்ரீபன் கிறேன். நாவலின் பெயர் 'மகி: தெருவில் ஒரு பெண்' என்பது.

கிறேன் 1871 நவம்பர் 1ஆந் திகதி நியூ ஜேர்சி மாநிலத்து நியுவாக் நகரிற் பிறந்தவர். பதினான்கு பிள்ளைகளுள் கடைசிப் பிள்ளை. தந்தையார் மெதடிஸ்த போதகர். நாவல் வாசித்தலையும் நாடகம் பார்த்தலையும் நடனத்தையும் கண்டித்து 1869இல் ஒரு நூலே எழுதியவர் அவர். தாயாரோ மதுவிலக்கு இயக்கத்தில் முன்னின்று உழைத்தவர். நாவலைப் பகைத்தவரின் மகன் நாவலாசிரியரானதும், அம்மகன் எழுதிய முதல் நாவலின் நடுவே குடிவெறி கொண்ட தாயொருத்தி வந்து நின்றதும் விதியின் விளையாட்டுப் போலும். லஃபயெற் கல்லூரியிலும் பின்னர்ச் சிராக்கியூஸ் சர்வகலாசாலையிலும் சேர்ந்த கிறேன் பட்டம் பெறாமலே விலகினார். சிராக்கியூசில் அவர் ஊக்கத்தோடு பயின்றது பேஸ்போல் ஆட்டம் ஒன்றே. இதனை நம் மாணவர் முன்மாதிரியாகக் கொள்ளாதிருப்பாராக!

பத்திரிகைத் தொழிலும் அவருக்கு நிலைக்கவில்லை. 1892இல் அஸ்பரி பார்க் என்னும் கடற்கரையூரில் நிகழ்ந்த தொழிலாளர் ஊர்வலம் ஒன்றினைப் பற்றி, ஊர்வலம் சென்றாரையும் வேடிக்கை பார்த்த செல்வரையும் ஒருசேர எள்ளி அவர் எழுதிய செய்தி 'நியூயோர்க் திரிபியூன்' பத்திரிகையில் வெளிவந்து பெருஞ் சினத்தை மூட்டிற்று. அப்பத்திரிகையின் அதிபர் அவ்வாண்டுத் தேர்தலில் உப சனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்டவர் என்பதை நினைவிற்கொண்டால், கிறேனுக்கு அங்கே இடமில்லாமற் போனதன் காரணம் விளங்கும். எழுத்தினால் தொழிலை இழந்தவர் அவ்வெழுத்தையே நம்பி நியூயோர்க் நகரிற் குடியேறினார். மருத்துவ மாணவர் சிலருடன் விடுதியொன்றிலே தங்கி நாவலைத் திருத்தி எழுதலானார்.

அந்நாளைய நியூயோர்க்கின் பவரித் தெருவும் அதனைச் சூழ்ந்த குறுந்தெருக்களும் ஐரோப்பாவிலிருந்து வந்து குவிந்த வறியோரின் உறைவிடங்களாய் இருந்தன. காற்றும் ஒளியும் புகாத அடுக்கு வீடுகள், தவறணைகள், மலிவான நாடகக் கொட்டகைகள், ஓரிரவுக்குச் சில சதம் வாங்கும் படுக்கைக் கூடங்கள் ஆகியன அங்கே நெருங்கிக் கிடந்தன. ஜேக்கப் ரீஸ் என்பார் 1890இல் வெளியிட்ட நூல் அவ்வாழ்வைப் புகைப்படங்களோடு வெளிப்படுத்தியிருந்தது. ஆகவே சேரியைப் பற்றி எழுதியதிற் புதுமையில்லை. எழுதிய முறையிலேயே புதுமை உண்டு. சேரிகளைப் பற்றி அக்காலத்து எழுதினோருட் பலர் இரக்கத்தை ஊட்டியோ அறத்தைப் போதித்தோ முடித்தனர். கிறேன் இரண்டையும் செய்திலர்.

கதை சுருங்கியது. சரளைக் குவியலின்மீது நின்று எதிர்த்தெருச் சிறுவருடன் கல்லெறிந்து போரிடும் ஜிம்மி என்னுஞ் சிறுவனோடு அது தொடங்குகின்றது. அவன் தங்கை மகி. பெற்றோர் இருவருங் குடியர். வளர்ந்த மகி சட்டைக் கழுத்துப்பட்டியுங் கைப்பட்டியுந் தைக்கும் தொழிற்சாலையொன்றில் வேலைக்குச் செல்கிறாள். தவறணையில் மது வார்த்துக் கொடுக்கும் பீற் என்பவனின் பகட்டிலே மயங்கி அவனோடு போகிறாள். அவன் கைவிடுகிறான். தாயோ அயலார் கூடிநின்று பார்க்க அவளை வீட்டினின்றும் துரத்துகிறாள். பிற பெண்களைக் கெடுத்த ஜிம்மியும் தன் தங்கைக்கு இரங்கவில்லை. மகி தெருப் பெண்ணாகி ஆற்றங்கரையிலே முடிகிறாள். அவள் இறந்த செய்தியை ஜிம்மி கொண்டுவரும்போது தாய் உண்டுகொண்டிருக்கிறாள். உணவை முடித்துக் கோப்பியையும் பருகியபின்னரே அழத் தொடங்குகிறாள். அக்கோப்பிக் கோப்பையைக் குறித்ததற்கு மேல் ஆசிரியர் ஒரு சொல்லும் கூட்டவில்லை. பதினெட்டுப் பக்கப் பிரசங்கம் செய்யமுடியாததை அது செய்துவிடுகின்றது என்பது என் கருத்து.

மாந்தரின் பேச்சைத் தெருவிற் கேட்டவாறே, வசைச் சொற்களையும் விலக்காது எழுதினார். பேச்சுவழக்கை இலக்கியத்திற் புகுத்தலாமோ என்று 1960களின் முற்பகுதியில் ஈழத்தில் எழுந்த மரபுப் போராட்டத்தை அறிந்தவர்க்கு, அதன் விளைவு எத்தகையதாய் இருந்திருக்கும் எனச் சொல்ல வேண்டுவதில்லை. 'செஞ்சுரி' சஞ்சிகையின் ஆசிரியரான கில்டர் கைப்பிரதியை வாசித்து, அது மிகக் கொடூரமானது எனக் கருதி ஏற்க மறுத்தார். 1891இன் இறுதியில் தாயார் இறந்தமையாற் கிடைத்த குடும்பச் சொத்துப் பங்கே கிறேனுக்கு எஞ்சிய வழி. அதனைப் பணமாக்கி நூலை அச்சிடுவித்தார். 1,100 பிரதிகளுக்கு 869 டொலர் என்பது வழமையாகக் கூறப்படும் கணக்கு. மஞ்சள் நிறக் காகித அட்டை. விலை 50 சதம். முகப்பிலே தம் பெயரை இடாமல், மிகச் சாதாரணமான இரு பெயர்களை இணைத்து 'ஜோன்ஸ்ரன் ஸ்மித்' என்று புனைபெயர் பூண்டார். பிரசுரகர்த்தர் பெயரோ அங்கே இல்லை.

நூல் விலைபோகவில்லை. உயரப் பாலத்தில் ஓடும் நகரப் புகையிரதத்திலே நால்வரைக் கூலிக்கு அமர்த்தி, பலருங் காண அந்நூலை வாசிக்கச் செய்தார் கிறேன் என்றொரு கதை வழங்குகின்றது. சுவையான கதைதான். ஆயினும் கிறேன் வரலாற்றைக் கற்போர் இத்தகைய சுவையான கதைகளில் எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும். 1923இல் தோமஸ் பியர் என்பார் எழுதிய முதல் வாழ்க்கை வரலாற்றிலே கடிதங்களும் நிகழ்ச்சிகளும் பல கற்பித்துப் புகுத்தப்பட்டவை என்று பிற்கால ஆய்வாளர் நிறுவியுள்ளனர். அரை நூற்றாண்டுக்கு மேலாக அறிஞர் பலர் அவற்றை நம்பியே எழுதிவந்தனர். நாவலாசிரியர் உண்மையை எழுத, வரலாற்றாசிரியர் நாவல் எழுதிவிட்டார்!

ஆனால் அன்பளிப்பாகச் சென்ற பிரதிகள் வீணாகவில்லை. ஹம்லின் கார்லண்ட் 'அரீனா' சஞ்சிகையின் 1893 யூன் இதழில் நூலை மதிப்பிட்டுப் பாராட்டினார். அமெரிக்க விமரிசகருள் முதன்மை பெற்றிருந்த வில்லியம் டீன் ஹவல்சும் அதனை வாசித்து வியந்து, இளைஞருக்கு ஆதரவு தந்தார். வாங்கி வாசித்தார் சிலரேனும், வாசித்தார் யாவர் என்பதே ஈண்டு முக்கியமாயிற்று.

1895இல் அப்பிள்ரன் நிறுவனம் வெளியிட்ட 'வீரத்தின் செந்நிறச் சின்னம்' என்னும் போர் நாவல் கிறேனைப் புகழின் உச்சிக்கு ஏற்றியது. உடனே, எவரும் தீண்டாத 'மகி'யும் வேண்டப்படுவதாயிற்று. 1896இல் அதே நிறுவனம் கிறேனின் சொந்தப் பெயரோடு அதனை வெளியிட்டது. இலண்டன் பதிப்பும் அவ்வாண்டிலே ஹவல்சின் பாராட்டுரையுடன் வந்தது. எனினும் இவ்வேற்புக்கு ஒரு விலை இருந்தது. பதிப்பாளரின் விருப்பத்திற்கிணங்கக் கிறேன் தாமே வசைச் சொற்களுட் பலவற்றை நீக்கினார். வேறு சிலவற்றை மென்மையாக்கினார். அவற்றினும் பெரிய மாற்றம் பதினேழாம் அதிகாரத்தில் நேர்ந்தது.

அவ்வதிகாரத்திலே மகி ஒளிமிக்க பெருவீதியினின்று இருண்ட ஆற்றங்கரை நோக்கி நடக்கிறாள். வழியில் எதிர்ப்படும் ஆடவர் ஒருவர்பின் ஒருவராக நிலைதாழ்ந்து செல்கின்றனர். 1893ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்வரிசையின் இறுதியிலே, கிழிந்து அழுக்கேறிய உடையணிந்த பருத்த மனிதன் ஒருவன் சிரித்துக்கொண்டே அவளைப் பின்தொடர்கிறான். இருவர் காலடியிலும் ஆறு கருநிறமாய்த் தோன்றுகின்றது. 1896ஆம் ஆண்டுப் பதிப்பில் அம்மனிதன் இல்லை. ஆறு உயர்ந்த கட்டடங்களின் அடியிலே தோன்றுகின்றது. மகி தனித்து நிற்கிறாள். முற்பதிப்பை வாசிப்போர்க்கு அவள் தானே வீழ்ந்தாளா, வீழ்த்தப்பட்டாளா என்னும் வினா எழும். பிற்பதிப்பிலோ தற்கொலை என்பதன்றி வேறொன்றும் தோன்றுதற்கில்லை. ஒரு மனிதனை நீக்கியதால் ஒரு பெண்ணின் சாவுக்கே பொருள் மாறிற்று. ஆசிரியரே விரும்பித் திருத்தினார் என்று வாதிடுவோரும் உளர். பிரசுரத்தின் பொருட்டுத் திருத்துவது வேறு, கலையின் பொருட்டுத் திருத்துவது வேறு என்பதை அவர் எண்ணினாரல்லர்.

கிறேன் 1900 யூன் 5ஆந் திகதி ஜேர்மனியிலுள்ள பாடன்வைலர் என்னும் ஊரிற் சயரோகத்தால் இறந்தார். அப்போது வயது இருபத்தெட்டு. அதன்பின் பல்லாண்டுகளாக வாசகர் கைக்குக் கிட்டியது பெரிதும் 1896ஆம் ஆண்டின் பாடமே. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் ஆய்வாளர் மஞ்சள் அட்டைப் பிரதிகளைத் தேடியெடுத்து ஒப்புநோக்கினர். அவற்றுள் எஞ்சியவை மிகச் சிலவே. 50 சதத்துக்கு விலைபோகாத நூலைச் சேகரிப்போர் இப்போது பெரும் பொருள் கொடுத்து வாங்குகின்றனர். சர்வகலாசாலைகளிற் பயிலப்படும் பதிப்புக்கள் பல 1893ஆம் ஆண்டின் பாடத்தையே தழுவியுள்ளன. பருத்த மனிதன் திரும்பவும் ஆற்றங்கரைக்கு வந்துவிட்டான்; ஜோன்ஸ்ரன் ஸ்மித் என்னும் பெயர் மாத்திரம் முகப்பில் இல்லை.