அறுந்த வலையும் பழைய கம்பியும்

2011ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள் நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், எகிப்து நாடு இணைய உலகிலிருந்து மறைந்துபோயிற்று. கடலடிக் கம்பிவடங்களை எவரும் வெட்டவில்லை. இணைய இணைப்பு வழங்கும் நிறுவனங்கள், தம்மை வந்தடையும் வழிகளை ஒன்றுக்கொன்று ஓயாது அறிவித்துக்கொண்டிருக்கும். அரசின் ஆணைப்படி எகிப்திய நிறுவனங்கள் அவ்வறிவிப்புகளைத் திரும்பப் பெற்றன. சில நிமிடங்களில் அந்நாடு வழியற்ற ஊராயிற்று. விடிந்தால் வெள்ளிக்கிழமை. தொழுகை முடித்து, அதிபர் முபாரக்கின் ஆட்சிக்கு எதிராக மக்கள் தெருவில் இறங்கும் நாள். அன்று கைப்பேசிகளும் ஊமையாயின. பங்குச் சந்தைக்கு இணைப்பு வழங்கிய 'நூர்' நிறுவனம் மட்டும் 31ஆம் நாள் வரை விட்டுவைக்கப்பட்டது. மக்களின் வாய்க்குத்தான் பூட்டு; பணத்தின் வாய்க்கு இல்லை!

ஆனால் வீட்டுத் தொலைபேசி ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. அரசுக்கே அது தேவைப்பட்டதோ என்னவோ! அந்தப் பழைய கம்பி வழியாகவே உதவி வந்து சேர்ந்தது. பிரான்சு நாட்டில் எஃப்.டி.என். என்னும் இலாப நோக்கற்ற சிறு இணையச் சங்கம் பாரிஸ் எண் ஒன்றை அறிவித்தது. பழைய மோடம் வைத்திருந்தோர் அதை அழைத்து இணையத்தை அடையலாம். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஒன்றே: 'தோத்தோ'. ஆமை வேகம்; வெளிநாட்டு அழைப்புக் கட்டணமும் அழைப்பவர் தலையில். ஆயினும் வாசல் திறந்தது.

மோடம் இல்லாதவர் என் செய்வார்? கூகுள், டுவிட்டர், சே-நௌ நிறுவனங்களின் பொறியாளர்கள் ஒரு வார இறுதியில் கூடி உழைத்து, ஜனவரி 31 அன்று வழி சொன்னார்கள். அமெரிக்கா, இத்தாலி, பஹ்ரைன் நாடுகளிலுள்ள எண்களில் ஒன்றை அழைத்துப் பேசினால் போதும். பதிவான குரல் டுவிட்டரில் உலகின் செவிக்கு எட்டும். எழுத்தறியாதவரும் பேசலாம். அரபு மொழிப் பேச்சைத் தன்னார்வலர் சிலர் எழுத்தில் பெயர்த்தனர்.

இங்கே ஒன்றை மறைத்தலாகாது. எகிப்தின் தொலைபேசிக் கம்பிகள் அரசுப் பெரும்பங்கு நிறுவனத்தின் கையில் இருந்தன. எந்த வீட்டிலிருந்து எந்த எண்ணுக்கு அழைப்பு போயிற்று என்பது அதன் கட்டணக் கணக்கில் ஏறிவிடும். பெயர் சொல்லாமல் பேசியவரும் தம் வீட்டு எண்ணை ஆள்வோரின் ஏட்டில் எழுதிவிட்டே பேசினார். வழி அமைத்த தொலைநாட்டார்க்கு அந்த அச்சம் இல்லை. நம் நன்றி அவர்களுக்கு உரியதே. எனினும் என் வியப்பெல்லாம் ரிசீவரைக் கையில் எடுத்தவர்மீதுதான்.

பிப்ரவரி 2 அன்று இணையம் திரும்பியது. 11 அன்று முபாரக் பதவி விலகினார். மார்ச் தொடக்கத்தில் மக்கள் அரசின் உளவுப் பாதுகாப்பு அலுவலகத்தினுள் புகுந்தபோது, கோப்புகளிடையே ஓர் ஐரோப்பிய நிறுவனத்தின் விலைப்பட்டியல் கிடைத்தது: பிறர் கணினிக்குள் புகுந்து வேவு பார்க்கும் மென்பொருளுக்கானது.